நகராட்சி ஆணையர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

உள்ளாட்சித் தேர்தல் என்றாலே, தலைவர் பதவி எந்த இடஒதுக்கீட்டில் போனது, எந்தக் கட்சிக்கு எத்தனை வார்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கூட்டணியில் யார் அடம்பிடிக்கிறார்கள் என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் கையெழுத்திடுபவர், குடிநீர்க் குழாய் உடைந்தால் ஆள் அனுப்ப வேண்டியவர், தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியலை அனுமதிப்பவர், கட்டட அனுமதிக் கோப்பை நகர்த்துபவர் எல்லாம் ஒரே ஆள். அவருக்கு நாம் யாரும் வாக்களிப்பதில்லை. பேரூராட்சி என்றால் அவர் செயல் அலுவலர்; நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர். நல்ல தலைவர் வந்தும் ஊர் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள் இந்த நாற்காலியைப் பற்றிக் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஊரை நடத்தப் பயிற்சி பெற்ற முழுநேர நிர்வாகி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது, அதில் எவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது, உரக்கிடங்கில் தேங்கிய குப்பையை என்ன செய்வது, மின் கட்டண நிலுவையை எந்த நிதியிலிருந்து செலுத்துவது என்பனவற்றையெல்லாம் தேர்தலில் வென்று வந்த ஒருவர் மறுநாள் காலையே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1994ஆம் ஆண்டு பிளேக் பீதியில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஓடிய சூரத் நகரம், 1995 முதல் 1997 வரை ஆணையராக இருந்த எஸ்.ஆர். ராவ் காலத்தில் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாகப் பெயரெடுத்தது. அதிகாரிகள் குளிரூட்டப்பட்ட அறையில் உட்காராமல் காலையில் தெருவில் இறங்க வேண்டும் என்பதும், மண்டல அளவிலேயே முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த முறைகள். திறமைக்கு இவ்வளவு வலிமை உண்டு. நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. அந்தத் திறமை யாருக்குக் கட்டுப்பட்டது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் சிறு நகரங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டன. கட்சித் தரகர்களின் கையில் நகர நிர்வாகம் சிக்கி, வேலையும் ஒப்பந்தமும் வாக்குக்கு ஈடாகப் பங்கு போடப்பட்ட காலம் அது. 1908இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகர மன்றம், சாலையையும் குடிநீரையும் கவனிக்கச் சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1912இல் தென் கரோலினாவின் சம்டர் நகரம் இந்த முறையைத் தன் நகரச் சாசனத்திலேயே, அதாவது அந்த நகரத்தின் அடிப்படைச் சட்டத்திலேயே, எழுதிக்கொண்டது. ஆனாலும் நாடே திரும்பிப் பார்த்தது, 1913 மார்ச் மாதம் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தை வெள்ளம் மூழ்கடித்த பிறகுதான். நகர நிர்வாகம் செயலிழந்து நின்றபோது, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் தலைவர் ஜான் பேட்டர்சன் தன் தொழிற்சாலையில் படகுகளைச் செய்து அனுப்பி மக்களை மீட்டார். தொழிற்சாலையை நடத்துவதுபோல் ஊரை ஏன் நடத்தக்கூடாது என்ற கேள்வி அங்கே வலுத்தது. அந்த ஆண்டே புதிய சாசனம் வாக்கெடுப்பில் நிறைவேறி, 1914 சனவரியில் ஹென்றி வெயிட் என்ற பொறியாளர் டேட்டனின் முதல் நகர மேலாளராகப் பொறுப்பேற்றார். தொழிலதிபர் ஒருவரின் ஆசையில் பிறந்த முறை என்பதால் இதில் சாமானியனின் குரல் அடிபட்டுப்போகும் என்று அன்றே சிலர் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

அந்த முறை இயங்கும் விதம் இதுதான். மக்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி எவ்வளவு, எந்தப் பணிக்கு முதலிடம், வரவு செலவுத் திட்டம் எப்படி என்பதை மன்றம் முடிவு செய்கிறது. மன்றம் ஒரு மேலாளரைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தம் போட்டு அமர்த்துகிறது. வரவு செலவுத் திட்டத்தின் வரைவைத் தயாரிப்பதும், துறைத் தலைவர்களை நியமிப்பதும், மன்றத்தின் முடிவை நிறைவேற்றுவதும் அவர் வேலை. அவர் சரியில்லை என்று மன்றத்தின் பெரும்பான்மை நினைத்தால், ஒரு தீர்மானத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மேலாளர்களே 1914இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, 1924இல் நெறிமுறைத் தொகுப்பு ஒன்றையும் ஏற்றுக்கொண்டார்கள்; தன்னை நியமிக்கும் மன்றத்தின் தேர்தலில் மேலாளர் தலையிடக் கூடாது என்பது அதில் முக்கியமான ஒன்று. இன்று ஃபீனிக்ஸ், டல்லஸ், சான் அன்டோனியோ போன்ற பெருநகரங்களும் இந்த முறையில்தான் நடக்கின்றன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விதி. மன்ற உறுப்பினர் எவரும் நகர ஊழியருக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது. எதுவானாலும் மேலாளர் வழியாகத்தான் போக வேண்டும் என்று பல நகரங்களின் சாசனம் சொல்கிறது. நம் ஊரில் வார்டு உறுப்பினர் காலை ஆறு மணிக்கே குடிநீர் ஃபிட்டருக்கு போன் போட்டு, இந்தத் தெருவுக்கு வால்வைத் திற, அந்தத் தெருவை அப்புறம் பார் என்று சொல்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். பாவம், அந்த ஃபிட்டர் செயல் அலுவலருக்கும் கட்டுப்பட வேண்டும், பதினைந்து உறுப்பினர்களுக்கும் கட்டுப்பட வேண்டும்.

மன்றமே நியமித்து, மன்றமே நீக்கலாம் என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெல் நகரம் சாட்சி. நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட, ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த ஊரின் மேலாளர் ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு 7,80,000 டாலருக்கும் மேல் சம்பளம் வாங்கினார் என்பதை 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. அவரைக் கேள்வி கேட்க வேண்டிய பகுதிநேர மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோரும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பிலிருந்து தப்ப வழிவிட்ட 2005ஆம் ஆண்டுச் சிறப்பு வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. மக்கள் பார்க்கவில்லை, செய்தியாளர் எட்டிப் பார்க்கவில்லை, மன்றமும் மேலாளரும் ஒருவரை ஒருவர் வாழவைத்துக்கொண்டார்கள். கடைசியில் ரிசோவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பெல் நகரத்தைக் காட்டி, இதற்குத்தான் மேலே மாநில அரசின் பிடி வேண்டும் என்பவர்கள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தையும் பார்க்க வேண்டும். நிதி நெருக்கடியில் இருந்த அந்த நகரத்துக்கு 2011 முதல் மாநில ஆளுநர் அவசரகால மேலாளர்களை நியமித்தார். மன்றம் பெயரளவுக்கு இருந்தது, அதிகாரம் மேலாளரிடம். இதற்கு இடம்கொடுத்த சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் வாக்கெடுப்பில் தள்ளுபடி செய்தும், அடுத்த மாதமே ஏறக்குறைய அதே போன்ற வேறொரு சட்டம் வந்துவிட்டது. செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரத்துக் குடிநீர் நிறுத்தப்பட்டு, ஃபிளின்ட் ஆற்று நீர் குழாயில் விடப்பட்டது. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. தண்ணீரின் நிறமும் நாற்றமும் மாறிவிட்டதை மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து கூட்டத்தில் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை வேறு நீருக்கு மாறிக்கொண்டது. 2015 மார்ச்சில் நகர மன்றம் 7க்கு 1 என்ற கணக்கில், டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று வாக்களித்தது. அவசரகால மேலாளர் அதை ஏற்கவில்லை. தண்ணீர் மாறியது அந்த ஆண்டு அக்டோபரில்தான். எஞ்சின் பாகத்துக்காகப் பேசியவரின் பேச்சு எடுபட்டது, பிள்ளைகளுக்காகப் பேசியவர்களின் பேச்சு ஓராண்டுக்கு மேல் எடுபடவில்லை என்றால், அந்த மேலாளர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இல்லை என்பதுதான் காரணம் என நான் கருதுகிறேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் ஆணையரும் செயல் அலுவலரும் மாநில அரசுப் பணியாளர்கள். நியமனம், மாறுதல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் மேலிருந்து வருபவை. மன்றம் ஒருமனதாகக் கேட்டாலும் ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. வேண்டாம் என்றாலும் அனுப்ப முடியாது. இந்த அமைப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நேரிலேயே பார்த்தோம். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களே ஐந்தாண்டுகளுக்கு மேல் நடத்தினார்கள். நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகும் வேளையில் இது நடந்தது. பெரிய கொந்தளிப்பு ஏதும் எழவில்லை. மன்றம் இல்லாதது பலருக்கு உறைக்கவே இல்லை என்பதிலிருந்தே, மன்றத்துக்கு நாம் எவ்வளவு வேலை வைத்திருந்தோம் என்பது விளங்கும்.

மன்றம் இருக்கும்போதும் நிலைமை பெரிதாக வேறல்ல. தணிக்கையின்போது தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம் வரும்: 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது.' அதன் கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல். பாதிப் பணிகள் தலைவரின் முன் அனுமதியுடன் ஏற்கெனவே முடிந்து, பின்னேற்புக்காக, அதாவது செய்த பிறகு பெறும் ஒப்புதலுக்காக, வந்தவையாக இருக்கும். என்ன விவாதம் நடந்தது, யார் எதிர்த்தார்கள், வேறு மதிப்பீடு எதுவும் பரிசீலிக்கப்பட்டதா என்பதற்கு ஒரு வரி இருக்காது. தணிக்கைத் தடைக்கு, அதாவது கணக்கில் நாங்கள் எழுப்பிய ஆட்சேபனைக்கு, விளக்கம் கேட்டால், 'அப்போதைய செயல் அலுவலர் மாறுதலில் சென்றுவிட்டதால் விவரம் பெற்று அனுப்பப்படும்' என்று பதில் வரும். அவருக்கு அடுத்து வந்தவரும் மாறுதலில் போயிருப்பார். இப்போது இருப்பவரோ பக்கத்துப் பேரூராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பேரூராட்சியில், போட்டுச் சில மாதங்களில் பெயர்ந்துபோன சிமெண்ட் சாலைக்கான தடையை நானும் எனக்குப் பின் வந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் ஒரே வாசகத்தில் திரும்பத் திரும்ப எழுதினோம். பொறுப்பேற்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலர்களைத் தனித்தனியாகக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு, நள்ளிரவு மழையில் அடைப்பு எடுக்க நின்றவர்களும் உண்டு.

ஆணையரை மன்றத்தின் கையில் கொடுத்தால் அவர் தலைவரின் எடுபிடி ஆகிவிடுவார், சாதிக்காரரைத்தான் அமர்த்துவார்கள், ஒப்பந்தக்காரருக்கு வளையாதவரை ஒரே மாதத்தில் துரத்துவார்கள் என்பது பலமான எதிர்வாதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஊர்களில் ஆணையர் 'விதியில் இடமில்லை' என்று சொல்லும் துணிச்சலே, அவர் வேலை மாநில அரசிடம் இருப்பதால்தான் வருகிறது. ஆனால் அதே மாநில அரசில் செல்வாக்குள்ள ஒருவர் தொலைபேசியில் சொன்னால் அந்தத் துணிச்சல் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அயர்லாந்தில் 1929இல் கார்க் நகரத்திலிருந்து தொடங்கிப் பரவிய மேலாளர் முறையில், மன்றத்துக்கு உரிய அதிகாரங்கள் எவை, மேலாளருக்கு உரியவை எவை என்று சட்டமே பிரித்து வைத்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை சுதந்திரமான ஆணையத்திடம் போனது. அங்கும் மேலாளர் கை ஓங்கிவிட்டது என்ற குறை எழுந்து, 1955இல் மேலாளருக்குக் குறிப்பிட்ட செயலைச் செய்யுமாறு உத்தரவிடும் அதிகாரம் மன்றங்களுக்குத் தரப்பட்டது. அதைச் சில உறுப்பினர்கள் வேண்டியவர்களுக்குக் கட்டட அனுமதி வாங்கித்தரப் பயன்படுத்தியதும் நடந்தது. ஆக, இதில் ஒரே தடவையில் பூட்டிச் சாவியைத் தூக்கி எறியும்படியான ஏற்பாடு எதுவும் கிடையாது.

எனக்குத் தோன்றும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். தேர்வாணையம் தகுதியானவர்களின் பட்டியலைத் தரட்டும். அதிலிருந்து தனக்கு வேண்டியவரை மன்றம் வெளிப்படையான கூட்டத்தில் தேர்ந்தெடுக்கட்டும். மூன்றாண்டுகள் அவரை மாநில அரசும் மாற்றக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் காரணத்தை எழுத்தில் பதிந்து வாக்களித்தால் மட்டுமே அவரை நீக்கலாம். அதற்கு முன் அவர் தரப்பு விளக்கம் பொதுவில் வாசிக்கப்பட வேண்டும். இது நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. மும்பை மாநகராட்சிக்கான 1888ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மொத்த உறுப்பினர்களில் எட்டில் ஐந்து பங்கினர் வாக்களித்தால் அரசு நியமித்த ஆணையரை நீக்கியாக வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டம் ஊர் மன்றத்தின் மீது வைத்த நம்பிக்கையைக்கூட நாம் வைப்பதில்லை.

இவையெல்லாம் சட்டத் திருத்தம் கேட்பவை, நாளாகும். அதுவரை அரசாணை ஒன்றாலேயே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஆணையரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் மன்றத்தின் கருத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கலாம். மாறுதலில் போகும் செயல் அலுவலர் நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளுக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் தந்து, அது மன்றக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட பிறகே பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்று சொல்லலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உள்ளாட்சியில் பணியாற்றும் நண்பர்கள் இதில் நடைமுறைச் சிக்கல் ஏதும் இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, கூடுதல் பொறுப்பில் இருந்த காலத்துக்கு யார் விளக்கம் தருவது என்பதில் எனக்கே இன்னும் தெளிவான விடை இல்லை.