காலி மனையை விட்டுவையுங்கள்

விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட எங்கே அழைத்துப் போகலாம்? ஏலகிரி, ஏற்காடு, வண்டலூர் என்று பதில்கள் குவியும். யாராவது ஓர் இரண்டு நாள் 'இயற்கை முகாம்' விளம்பரத்தைப் போடுவார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கிவிடலாம். என் பதில் மட்டும் யாருக்கும் ருசிப்பதில்லை. கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்புங்கள், மதில் முடிகிற இடத்தில் ஒரு காலி மனை இருக்கிறது, அங்கே போங்கள்.

சென்னையில் மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இத்தகைய மனைகள் பழக்கம்தான். யாரோ வாங்கிப் போட்டு, எல்லைக்கல் நட்டு, விலை ஏறட்டும் என்று விட்டுவிட்ட இடம். எருக்கு, நாயுருவி, குப்பைமேனி, தாத்தாப்பூ, மூலையில் ஓர் ஆமணக்கு. பெரியவர்கள் கண்ணுக்கு அது வெறும் புதர். என் மகளோடும் அவள் தோழர்களோடும் மாலையில் அங்கே போனால், இருட்டும்வரை நூறு அடிகூட நகர முடியாது.

எருக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதன் இலையில். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட அதன் புழு, முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகளோடு ஒளிவு மறைவே இல்லாமல் இலைமேல் உட்கார்ந்து தின்கிறது. பச்சை இலையில் இப்படிப் பளிச்சென்று இருந்தால் பறவை பிடித்துவிடாதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரியான கேள்வி. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று வளர்வதால் அதைத் தொட்ட பறவைக்கு வாய் கசந்துவிடும். அந்த நிறமே ஓர் எச்சரிக்கைப் பலகை. வளர்ந்த பூச்சியும் அவசரமில்லாமல் தாழப் பறப்பது அந்தத் தைரியத்தில்தான். இன்னும் வேடிக்கை, நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண், இதன் நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு பிழைத்துப்போகிறது. காப்பியடிப்பது இவ்வளவு பயனுள்ள வேலை என்று தெரிந்தபோது பிள்ளைகளுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இதில் ஒன்றையாவது பக்கத்துப் பூங்காவில் பார்க்க முடியுமா? அங்கே கொரியன் புல், ஒரே உயரத்துக்குக் கத்தரித்த செடிகள், 'புல்லில் நடக்காதீர்' என்ற பலகை. ஊஞ்சலுக்கு நல்ல இடம். புழு பிழைக்க வழியில்லை.

மழை பிடித்துவிட்டால் மனையின் முகமே மாறிவிடும். ஈசல் கிளம்பும் மாலையில் கரிச்சான்கள் மின்கம்பியில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். மரவட்டைகள் ஊரும். பட்டாசுக்காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சில நொடிகளில் 'பட்'டென்று வெடித்து விதையைச் சிதறவிடும். என் தலைமுறை அதைப் பள்ளி மைதானத்தில் கற்றது, இவர்களுக்குக் கற்றுத்தர ஆள் வேண்டியிருக்கிறது. அக்டோபரில் மனைக்கு மேலே கும்பலாகப் பறக்கும் மஞ்சள் தட்டான்களைக் காட்டி, இந்த இனம்தான் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்றேன். நம்பவில்லை. அந்தச் சிறகைப் பார்த்தால் எனக்குமே நம்ப முடிவதில்லை.

ஆனால் மனை இருந்தால் மட்டும் போதாது, பெரியவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும். சிலர் வருகிறார்கள், வந்த நிமிடமே தேர்வு தொடங்கிவிடுகிறது. "இது என்ன பூச்சி? இங்கிலீஷில் சொல்லு பார்க்கலாம். ஸ்பெல்லிங்?" பிள்ளை பூச்சியை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பெயர் பிறகு வரட்டும். மரவட்டைக்கு எங்கள் கூட்டத்தில் வெகுநாள் வரை 'கூட்ஸ் ரயில்' என்றே பெயர். அதன் கால்கள் அலை அலையாக நகர்வதை அவர்கள் பார்த்த அளவுக்கு, பெயர் தெரிந்த நான் பார்த்ததில்லை.

அடுத்தது பயம். அரணை கடித்தால் மரணம் என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். அரணைக்கு நஞ்சே கிடையாது. ஓணான் தூர இருந்தே இரத்தத்தை உறிஞ்சும் என்பதும் கதைதான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்துச் சிவப்பதைப் பார்த்துக் கட்டியது. உண்மையில் எச்சரிக்க வேண்டியவை வேறு: முருங்கையில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி, கண்ணுக்குள் தெறிக்கக்கூடாத எருக்கம்பால், தோலை அரிக்கவைக்கும் பார்த்தீனியச் செடி. செருப்புக்குப் பதில் ஷூ, செங்கல் குவியலுக்குள் கைவிடக் கூடாது, இருட்டியபின் போகக் கூடாது, திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பாம்பைவிடப் பயப்பட வேண்டியது நடைபாதையே இல்லாத எங்கள் சாலையில் பறந்து வரும் தண்ணீர் லாரிக்குத்தான்.

பறவைகளுக்கு மொட்டைமாடியே போதும். 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எங்களுக்குப் பக்கம் என்பதால், மாலையில் தலைக்குமேல் கொக்குகளும் நீர்க்காகங்களும் போய்க்கொண்டே இருக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் சரி. காகத்தையும் மைனாவையும்கூட எண்ண வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவைகள் அவைதாமே.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. கொசு வருகிறது, ஜேசிபி வைத்து மனையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று குழுவில் பேச்சு கிளம்பியிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு எருக்கஞ்செடியில் முட்டையிடுவதில்லை. தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத டிரம் என்று தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடிப் போகிறது. மனையில் கிடக்கும் டயரையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிடுவோம், அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டியவர்களும் நாம்தான். செடி இருக்கட்டும்.

மனைக்காரர் நாளைக்கே வீடு கட்டலாம். அது அவர் உரிமை. ஆனால் நம் மதிலின் உட்பக்கம் ஓடும் அந்த மண்பட்டை நம்முடையது. அங்கே முளைக்கும் எருக்கைப் பிடுங்காமல் விடுவோம். சில கறிவேப்பிலைக் கன்றுகளை நட்டு, மருந்து அடிக்காமல் பார்த்துக்கொள்வோம். பறவை எச்சம்போல் இலையில் ஒட்டியிருந்து, பிறகு பச்சையாக மாறும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அதில் வந்தே தீரும். சீண்டினால் சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். ரசத்துக்குக் கொஞ்சம் இலை குறையும் என்று என் மாமியார் இப்போதே முறையிடுகிறார். அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். மருந்தடிக்கும் ஆளுக்கு மாதாமாதம் தரும் பணம் மிச்சமாகும் என்று தொடங்கினால் பொருளாளர் காது கொடுப்பார்.