சாவி போதும், முகம் எதற்கு?

நாங்கள் இருக்கும் பிபிஆர், அதாவது மலேசிய அரசாங்கத்தின் மலிவு வாடகை அடுக்குமாடி, புளோக் வாசலில் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கருவி வந்தால் நல்லது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. வெளியாள் நுழைய முடியாது, வீட்டை உள்வாடகைக்கு விடுகிறவன் மாட்டுவான் என்கிறார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் ஸ்ரீ பந்தாய் பிபிஆரில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுப் பையனின் உயிரைக் குடித்ததே, அதன் பிறகு கேமரா கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மாடியிலிருந்து வீசுகிறவனைப் பார்க்கும் கேமரா வேறு. நான் எத்தனை மணிக்கு, யாரோடு வந்தேன் என்று குறித்துவைத்து, முகம் பொருந்தினால்தான் உள்ளே விடுவேன் என்கிற கருவி வேறு.

பக்கத்து வீட்டு அக்கா பல வருஷமாகத் துப்புரவு வேலை செய்கிறார். குளோரோக்ஸ் பிளீச்சில் ஊறி ரேகையே தேய்ந்துபோன விரல்கள். மைகார்டு என்கிற அடையாள அட்டையைச் சரிபார்க்கும் கருவியில் அவர் கட்டைவிரல் ஒரே தடவையில் பதிந்து நான் பார்த்ததில்லை. துணியில் துடைப்பார், ஊதுவார், மறுபடி வைப்பார். “தெக்கான் குவாட் சிக்கிட், காக்” (கொஞ்சம் அழுத்தி வையுங்கள், அக்கா) என்பாள் கவுண்டர் பெண். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அலுவலகத்தில் என்றால் சரி, நேரம்தான் போகும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து சொந்த வாசலில் இப்படி நிற்க வேண்டுமா?

முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லையாம். அதையும் அப்படியே நம்ப முடியாது. முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஆய்வாளர்கள் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. எங்கள் புளோக்கில் இது யார் தலையில் விடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில், வாடகைக் கட்டுப்பாடு உள்ள அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் அடுக்குமாடியில் இதே கருவியை வைக்கப் பார்த்தார்கள். குடியிருப்பவர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். 2019இல் உரிமையாளர் கைவிட்டார்.

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது. 2024 திருத்தம் முகம், ரேகை போன்ற பயோமெட்ரிக் தரவையும் தனிக் கவனம் தேவைப்படும் தரவாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசாங்கமே வீட்டுக்காரராக இருக்கும்போது இது எவ்வளவு பெரிய ஓட்டை! காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் ஆண்டுக் கூட்டத்தில் கைதூக்கி மறுக்கலாம். பிபிஆரில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு இருப்பவர் மறுத்துவிட்டு எங்கே போவார்?

அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: முகமோ ரேகையோ தர மறுக்கிறவருக்கு ஆக்சஸ் கார்டு கட்டாயம் உண்டு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நீங்களும் வந்து கூடக் கேளுங்கள்.