தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் படத்தை யார் போட்டார், கீழே யார் யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். என் 1968 ஃபோர்டு மஸ்டாங் காரின் பின்பக்கத்தை மட்டும் படம் பிடித்து, "நல்ல வண்டியைக் கொன்றுவிட்டார்கள்" என்று ஒரு வரி. அப்போது நான் பத்தடி தள்ளித்தான் காபியோடு நின்றிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின் டயர்கள் ஃபெண்டரில், அதாவது வீலுக்கு மேலே வளைந்திருக்கிற தகட்டில், உரசிக்கொண்டிருந்தன. அதற்காகப் பின் ஆக்ஸிலைத்தான், பின் வீல்கள் இரண்டையும் தாங்குகிற அச்சைத்தான், அகலம் குறைந்ததாக மாற்றினேன், வண்டியை வெட்டவில்லை. பின் வீலைச் சுற்றியுள்ள வெளித்தகடான குவார்ட்டர் பேனல், உள்ளே வீலை மூடியிருக்கிற வீல் ஹவுஸ், டிரங்க் தரை, சட்டம் என்று எந்தத் தகட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஆக்ஸிலை ஸ்ப்ரிங்கோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டைக் கழற்றினால் புது ஆக்ஸில் கீழே இறங்கிவிடும். பழையது என் ஷெட்டில் இருக்கிறது. ஒரு சனி ஞாயிறு கிடைத்தால் 1968-இல் ஃபோர்டின் டியர்பார்ன் ஆலையை விட்டு வந்த மாதிரியே திரும்ப மாட்டிவிடலாம்.

என்ன செய்தேன் என்று தெரியாமலே பலர் எழுதியிருப்பதால் விவரமாகவே சொல்கிறேன். என் வண்டி 289 கன அங்குல எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர், 195 குதிரைத்திறன். கூடவே வந்தது 8 அங்குல ஆக்ஸில். அந்த 8 என்பது அகலம் இல்லை, உள்ளே சுழல்கிற பெரிய பல்சக்கரத்தின் விட்டம். வீல் உட்காருகிற முகத்திலிருந்து அந்தப் பக்கத்து முகம் வரை அளந்தால் 59¼ அங்குலம். அந்த இடத்தில் இப்போது இருப்பது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து எடுத்த 8.8. ஜங்க்யார்டில் மூன்று சனிக்கிழமை அலைந்து, கதவோரத்தில் ஒட்டியிருக்கிற விவரத் தாளில் டி4 என்று போட்ட வண்டியைத் தேடிப் பிடித்தேன். டி4 என்றால் 3.73 பல் விகிதம், ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப். வீலைச் சுழற்றுகிற ஷாஃப்டின் முனையில் 31 பல், அதாவது 31 ஸ்ப்லைன், கூடவே டிஸ்க் பிரேக். வீல் போல்ட் அளவும் மஸ்டாங்குக்குப் பொருந்துகிற அதே ஐந்துக்கு நாலரைதான், அதாவது நாலரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலில் டிரைவர் பக்கக் குழாய், இங்கே அது இடப்பக்கம், மற்றதைவிட ஏறக்குறைய 3 அங்குலம் நீளம். அந்த அளவை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க ஷாஃப்டை இடப்பக்கமும் போட்டால் மொத்த அகலம் ஐம்பத்தாறரைக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் கொண்டுவருகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் நடுவுக்கு வந்துவிடும். நான் கண்டுபிடித்த வித்தை இல்லை இது, பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள் வருஷக்கணக்காகச் செய்துவருவது. இதனால் ஒவ்வொரு பக்கமும் வீல் ஏறக்குறைய 1.3 அங்குலம் உள்ளே போகிறது. அவ்வளவுதான் நான் செய்த கொலை.

"பின்பக்கம் ஒடுங்கிப்போய் இருக்கிறது" என்று எழுதினார் ஒருவர். ஒடுங்கவில்லை. முன்பு அந்த டயர்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. இங்கே மிச்சிகனில் பனி உருகி முடிந்ததும் ரோடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபெண்டரின் மடிப்பு டயர் தோளைச் சீவும். ரப்பர் கருகுகிற வாடை கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் உள்ளே வரும். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டயரைச் சுற்றிக் கத்தியால் கீறினது மாதிரி ஒரு வளையம், மடிப்பின் உள்விளிம்பில் பெயின்ட் போய் வெறும் இரும்பு. பனிக்காக ரோட்டில் உப்புப் போட்டு, உப்புத் தண்ணீர் ஓடுகிற ஊரில் வெறும் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? வண்டி செத்துக்கொண்டிருந்தது அப்போதுதான். அதைப் படம் எடுத்துப் போட யாரும் வரவில்லை.

இதற்கு வேறு வழி இல்லையா என்றால், உண்டு. மடிப்பை உருட்டி மேலே ஏற்றலாம், ஃபெண்டரை வெளியே இழுக்கலாம், உள்ளே வீல் ஹவுஸை வெட்டி அகலப்படுத்தலாம். மூன்றுமே தகட்டில் கை வைக்கிற வேலை. இதையெல்லாம் செய்த வண்டிகளின் படத்துக்குக் கீழே இதே நண்பர்கள் கைதட்டியிருக்கிறார்கள். வீலை மாற்றாமல், தகட்டையும் தொடாத வழியைத் தேர்ந்தெடுத்த எனக்குக் கொலைகாரன் பட்டம். இது எந்த ஊர் நியாயம்?

"ஒரிஜினாலிட்டி போய்விட்டதே" என்கிறீர்கள். சரி. 1965, 66 மஸ்டாங்கில் பின் ஆக்ஸில் 57¼ அங்குலம். 67-இலிருந்து 70 வரை 59¼. 71-இல் 61¼. உடம்பு அகலமாக ஆக, ஃபோர்டே ஆக்ஸில் அளவை மாற்றிக்கொண்டு வந்தது. வீல் உடம்புக்குள் சரியாக உட்கார வேண்டும், அதற்காகத்தான் அந்த அளவு.

அடுத்து, "போடுவதானால் 9 அங்குல ஆக்ஸில் போட்டிருக்க வேண்டும்" என்கிற கூட்டம். 9 அங்குலம் நல்ல ஆக்ஸில்தான். பினியனுக்கு மூன்றாவதாக ஒரு பேரிங், நடுப்பாகத்தை அப்படியே முன்னால் உருவி எடுத்துவிடலாம், ஷாஃப்டும் வெளி முனையிலேயே பிடித்து நிற்கும். 8.8-இல் ஷாஃப்டைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கிற ஒரு சின்ன சி-கிளிப், மாட்டுவண்டிக்குக் கடையாணி மாதிரி. ஷாஃப்ட் முறிந்தால் வீல் வெளியே வரலாம் என்பது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 195 குதிரைத்திறனுக்கு 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட் முறியுமா? இரண்டு டன் எடையுள்ள எக்ஸ்ப்ளோரரைச் சுமந்தது அது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வெல்டிங் பற்றிக் கேட்டவர்கள் நியாயமாகக் கேட்டார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் கொடுத்த பட்டறை சரியில்லை, பெயர் வேண்டாம். வெட்டிய குழாயில் முனையைக் கண் மதிப்பிலேயே பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். வாங்கி வந்து, குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க, பேரிங் துளைகள் வழியாக நீளமான இரும்புத் தண்டை, அலைன்மென்ட் பாரை, விட்டேன். இடப்பக்கம் முனைக்குப் பக்கத்தில் வந்து முட்டி நின்றது. சூட்டில் குழாய் இழுத்திருக்கிறது. அப்படியே மாட்டியிருந்தால் சீல் தேய்ந்து ஆயில் பிரேக்கில் இறங்கியிருக்கும். இரண்டாவது இடத்தில் பார் உள்ளே இருக்கும்போதே, கொஞ்சம் பற்றவைத்து ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று ஒரு பகல் முழுக்கச் செய்தார்கள். முடிந்ததும் பாரை ஒரு கையால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. ஸ்ப்ரிங் உட்காருகிற பெர்ச்சை வண்டியின் எடை முழுவதும் வீலில் நிற்கும்போது பினியன் கோணம் பார்த்துத்தான் பற்றவைத்தோம். டிரைவ் ஷாஃப்டும் புதிது, பழையது ஆக்ஸிலோடு ஷெட்டில் இருக்கிறது.

என் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் இருந்தவர். ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்து வருகிற லாரிக்கு அவர் முதலில் எடுப்பது ஸ்பேனர் இல்லை, நூல்கண்டு. பின் டயரிலிருந்து முன் டயருக்கு நூல் பிடித்து, தரையில் குந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வேலை முடிந்த அன்று ராத்திரி கராஜில் நானும் நூல் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றது. அவரிடம் காட்ட முடியவில்லை, போய் ஆறு வருஷம் ஆகிறது. "இவனுக்கெல்லாம் எதற்கு இந்த வண்டி" என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதிய தம்பிக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. "பேக்ஸ்பேஸிங் சரியாக உள்ள வேறு வீல் வாங்கிப் போட்டிருந்தால் போதுமே, ஆக்ஸிலை ஏன் தொட வேண்டும்?" வீல் ஹப்பில் உட்காருகிற முகத்துக்கும் அதன் உள்விளிம்புக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பேக்ஸ்பேஸிங். என் வீல்கள் 15-க்கு 8, பேக்ஸ்பேஸிங் 3¾ அங்குலம். ஒரு அங்குலம் கூடுதலாக உள்ள வீல் வாங்கினால் தொந்தரவு தீர்ந்திருக்கும், செலவும் குறைவு. தெரியும். எனக்கும் கணக்குத் தெரியும்.

ஆனால் அந்த வீல்கள் என்னுடையவை இல்லை. வண்டியை எனக்குக் கொடுத்த பெரியவர் டியர்பார்ன் ஆலையில் வேலை பார்த்தவர். கல்யாணமான வருஷத்தில், தன் முதல் போனஸில் அந்த அலுமினிய வீல்களை வாங்கி மாட்டினாராம். அன்றிலிருந்து மடிப்பு உரசிக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறார். விற்கும்போது என்னைவிட அதிக விலை கேட்டவர்கள் இரண்டு பேர். இருவருமே வீலைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்றார்களாம். நான் எறிய மாட்டேன் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வண்டி என் வீட்டுக்கு வந்தது. அதைக் காப்பாற்ற ஆக்ஸிலை மாற்றினேன். இது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

போன மாதம் அவரைக் கூட்டிவந்து காட்டினேன். முட்டி வலியோடு பின் வீல் பக்கத்தில் மெதுவாகக் குனிந்து, டயருக்கும் மடிப்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாகப் போனது. விரலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சாவியைக் கேட்டார்.

படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவில்லை, இருக்கட்டும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்தில் பழைய வண்டிகள் ஊர்வலமாக ஓடுகிற வுட்வர்டு டிரீம் க்ரூஸுக்கு வண்டி வரும், ஓட்டப்போவது பெரியவர். படம் போட்ட நண்பர் வந்து கீழே குனிந்து, ஃபெண்டரின் உள்பக்கத்தையும் ஒரு படம் எடுக்கட்டும். டார்ச் நான் கொண்டுவருகிறேன்.