வோக்கர்ல வச்சா கெதியா நடக்குமா?

அக்கா, "வோக்கர்ல வச்சா பிள்ளை கெதியா நடக்கும்" எண்டு மேல போட்டிருக்கிறீங்க, அது பிழை. வோக்கர்ல பிள்ளை நுனிக்கால்ல உந்தி உருளுதே தவிர தன்ட பாரத்தத் தானே தாங்கிப் பழகுறதில்ல, அதால நடை பிந்தத்தான் சான்ஸ், படி, அடுப்படி எண்டு கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும் வேற, கனடாவுல 2004லயே விக்கத் தடை. என்ட மகன் உப்புவெளி வீட்டுல பிளாஸ்டிக் கதிரையப் பிடிச்சு சீமெந்துத் தரையில கரகரவெண்டு தள்ளித் தள்ளித்தான் நடந்தவன், 14 மாசத்துல. அதுக்குள்ள மாமி பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தியே வச்சிட்டா 😄 உலக சுகாதார நிறுவனக் கணக்குல 8 மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் சாதாரணம்தான். 18 மாசமாகியும் தனிய நடக்காட்டி கிளினிக் கார்டோட மிட்வைஃப் மிஸ்ஸிட்ட காட்டுங்க.