எங்கள் தடைக்காலத்துக்குத் தேதி கிடையாது

நேற்று சாயங்காலம் மார்த்தாண்டத்தில் இருந்து சித்தி மகன் கூப்பிட்டான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நிரந்தர வேலையில் இருக்கிறான். "அண்ணே, நானும் வேலைய விட்டுட்டு உங்கள மாதிரி கான்ட்ராக்ட் எடுக்கலாமான்னு பாக்கேன், ரெண்டு மடங்கு கிடைக்கும்லா" என்றான். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லை என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனுக்கும், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து வெளியூர்க்காரனுக்குக் கான்ட்ராக்டில் மென்பொருள் வேலை பார்க்கிற எல்லோருக்கும்.

அந்த ரெண்டு மடங்கு உண்மைதான், வேலை இருக்கிற மாதத்தில். போன வருடம் எனக்கு எட்டு மாதம்தான் வேலை இருந்தது. பிஎஃப் கிடையாது, காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பணம் நானே கட்ட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தம்பி இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முடிகிற விதம்தான் ரொம்ப வலிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஏழு இருக்கும், பாதி எழுதிய புரோகிராமைச் சேமிக்கப் போனேன், பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. கைதான் தவறியிருக்கும் என்று மூன்று தடவை அடித்தேன். பத்து நிமிடம் கழித்து இடையில் இருந்த ஏஜென்சியில் இருந்து நான்கு வரி மெயில்: பட்ஜெட் குறைந்துவிட்டது, இன்றோடு முடித்துக் கொள்கிறோம். பதினாலு மாதம் கூட வேலை பார்த்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட வழியில்லை. அம்மா கட்டன்சாயா கொண்டு வந்து வைத்துவிட்டு "இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சிட்டா மக்கா?" என்று கேட்டாள்.

வருமானம் நின்று நின்று வருவது நம்ம ஊருக்குப் புதிதில்லை. குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை, கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தேதி தெரியும், அதற்கு நிவாரணமும் உண்டு. பக்கத்து வீட்டு மாமா ரப்பர் பால்வெட்டுக்காரர். மழை பிடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, தண்ணீர் இறங்காதபடி தார்ப்பசை தடவி, விரலால் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டுவார். எப்போது மழை வரும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு அது தெரியாது. கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப நஷ்டஈடு தேவையில்லை, அதனால் எந்தக் கம்பெனி செலவைக் குறைத்தாலும் முதலில் போவது நாங்கள்தான்.

எல்லோரும் ஏஐ ஏஐ என்கிறார்கள். அதுவும் இருக்கிறது, மூன்று பேருக்கு வந்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது ஒரு ஆளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் யாரும் பேசாத ஒன்று அமெரிக்க வரிச் சட்டம். 2022 முதல் வெளிநாட்டில் மென்பொருள் உருவாக்கச் செய்த செலவை அமெரிக்கக் கம்பெனிகள் 15 வருடமாகப் பிரித்துத்தான் கணக்கில் கழிக்க முடியும். 2025இல் அமெரிக்காவுக்குள் நடக்கிற வேலைக்கு மட்டும் தளர்த்தினார்கள், நமக்கு அப்படியே நிற்கிறது. வெளிநாட்டு ஆளை வைத்தால் அந்த வருட வரி கூடும் என்பதால், அங்குள்ள சின்னக் கம்பெனிக்கு நேரடியாக வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் பணம். இங்கேயுள்ள ஒரு கம்பெனி எனக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம் தர ஐந்து மாதம் இழுத்தடித்தது. எங்கள் கிளையன்ட் கொடுத்தால்தான் உங்களுக்கு என்ற அதே பதில் ஒவ்வொரு மாதமும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டம் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிந்திருந்தால் (இலவசம்தான், யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்), ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 2023-24 நிதியாண்டு முதல், தாமதமாகக் கொடுத்தால் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று வந்துவிட்டது, அதனால் மார்ச் மாதம் வந்தால் அவர்களுக்கே அவசரம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் இது செல்லாது. நான் வேலை முடிந்த பிறகு பதிந்தேன், அந்தப் பணத்துக்குப் பிரயோஜனப்படவில்லை. தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

வங்கியில் வீட்டுக்கடன் கேட்டபோது சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். மூன்று வருட வரிக் கணக்கைக் காட்டியும் யோசித்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். வருடத்தில் சில மாதம் கடலுக்குப் போகாத குடும்பங்களை நம்பித்தானே இந்த ஊர் கடன் கொடுத்தது, எங்களை மட்டும் ஏன் வேலையில்லாதவனாகப் பார்க்க வேண்டும்?

தம்பி, வராதே என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேரும் வரை இப்போதுள்ள வேலையை விடாதே. உனக்குக் கான்ட்ராக்ட் தருகிற ஏஜென்சியின் ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நோட்டீஸ் எத்தனை நாள், பணம் எத்தனை நாளில் என்று எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம்.