ஸ்டெதாஸ்கோப்போடு கணக்கு நோட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் மச்சான் வீட்டில் சாப்பாடு. அவர் மகள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதல் வருடம். கூடவே ஒரு மேனேஜ்மென்ட் பட்டமும் படிக்க வைக்க வேண்டுமாம். "வெறும் டாக்டர்னா கடைசி வரைக்கும் அடுத்தவன் ஆஸ்பத்திரியில சம்பளத்துக்குத்தான் நிக்கணும் மச்சான்" என்றார். அமெரிக்காவில் ஐந்தே வருடத்தில் இரண்டையும் முடிக்கிறார்கள் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

அது உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கே போகிறார்கள். அதனால் நாலு வருட எம்.டி.யோடு (நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அங்கே அதுதான் முதல் டாக்டர் பட்டம்) எம்.பி.ஏ.வைச் சேர்த்து ஐந்தில் முடிக்க வழி இருக்கிறது. நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து நீட் எழுதிவிட்டுப் போகிறவர்கள். எம்.பி.ஏ. சேர ஒரு பட்டம் கேட்பார்களே, அதற்கு எங்கே போவது? மிஞ்சினால் ஆன்லைனில் ஒரு பி.பி.ஏ., அதாவது மேனேஜ்மென்டில் இளநிலைப் பட்டம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொன்னது. தொழிற்படிப்பு என்றால் அந்தந்த கவுன்சிலின் விதியும் பொருந்தும் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. மச்சான் அதுவரை படிக்கவில்லை.

எம்.பி.பி.எஸ்.ஸில் வகுப்புக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகைப்பதிவு வேண்டும். அனாடமியிலேயே அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது.

இதைச் சொன்னதும், டாக்டருக்குக் கணக்கு தெரிய வேண்டாம் என்கிறேன் என்று மச்சான் எடுத்துக்கொண்டார். 19 வருடமாக ஒரு 30 படுக்கை நர்சிங் ஹோமில் கணக்கு பார்க்கிறவன் நான். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். எங்கள் பெரிய டாக்டர் கடன் போட்டு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கினார். தினம் எத்தனை ஸ்கேன் எடுத்தால் தவணை தேறும் என்று வாங்குவதற்கு முன் யாரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். மெஷினுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை, வைத்தியக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால். இன்சூரன்ஸ் கதை தனி. நோயாளியை ஏன் அட்மிட் செய்தோம் என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதாமல் விட்டதற்காகவே கிளெய்ம் திரும்பி வரும். அந்த இரண்டு வரியை எழுத பி.பி.ஏ. எதற்கு?

வேலூரில் இருந்துகொண்டு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் வாங்கியவர், ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கே நிதி திரட்டக் கிளம்பினார். மனைவி நினைவாக ஒருவர் கொடுத்த 10,000 டாலரில்தான் 1902இல் இங்கே 40 படுக்கை மருத்துவமனை வந்தது. காலம் வேறு, ஒப்பிடக்கூடாது. என்றாலும் எதற்குப் பணம் வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதனால்தான் ஹவுஸ் சர்ஜன் முடித்து, இரண்டு வருடம் டூட்டி பார்த்துவிட்டு எம்.பி.ஏ. சேரட்டும் என்கிறேன். காந்தி ரோடு லாட்ஜுகளில் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து தங்கியிருக்கிறார்களே, அவர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று "எவ்வளவு ஆகும்?" எங்கள் ஊர் ஜனங்களும் அதைத்தான் கேட்கிறார்கள். பாதி டாக்டர்கள் "கவுண்டர்ல கேளுங்க" என்று கையைக் காட்டிவிடுவார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பது நான். ஆபரேஷனில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை நூறு பேர் வாயால் கேட்டுவிட்டு எம்.பி.ஏ. வகுப்புக்குப் போனால் பாடம் வேறு மாதிரி ஏறும்.

மச்சான் முகம் இறுகிவிட்டது. அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "மாமா, உங்க ஆஸ்பத்திரியில ஒரு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்? அதுல தியேட்டருக்கு எவ்வளவு, மயக்க டாக்டருக்கு எவ்வளவு?"

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பிரித்து எழுத ஆரம்பித்தேன். ரசம் ஆறிப்போனது.