பிட்டோட்ரியும் ஐரோப்பியப் போட்டியும்

"புது ஸ்டேடியம் கட்டினால்தான் ஸ்காட்லாந்துக் கால்பந்து கிளப்பான அபர்டீனை ஐரோப்பியப் போட்டிகளில் ஆட விடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 2023-இல் கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பிய கிளப் போட்டியின் குழுச் சுற்றில் மூன்று உள்ளூர் ஆட்டங்களும் அவர்களின் இப்போதைய மைதானமான பிட்டோட்ரியில்தான் நடந்தன. டிசம்பர் குளிரில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் அணியை 2-0 என வென்றதும் அதே பழைய மைதானத்தில்தான். 1903-இலிருந்து அதுதான் அவர்கள் வீடு!

ஐரோப்பிய வாய்ப்பைத் தீர்மானிப்பது ஸ்காட்டிஷ் லீக்கில் பிடிக்கும் இடமும் ஸ்காட்டிஷ் கோப்பையும். 2025-இல் லீக்கில் ஐந்தாவதாக வந்தும், செல்டிக் அணியைப் பெனால்டியில் வீழ்த்தி ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றதால் மீண்டும் ஐரோப்பா போனார்கள்.

இன்னொன்று: ஸ்டேடியம் கட்டும் செலவை ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஃபாவின் நிதி விதிக் கணக்கில் நஷ்டமாகச் சேர்ப்பதில்லை. ஆனால் கடனும் வட்டியும் கிளப்பின் தலையில்தான். ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.